காரியாலயத்துக்கு வந்த புதிய எழுத்தர்

வடநாட்டு நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பழங்கதையைச் சற்றே கிளறிப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் அடித்தளத்தில் ஒரு சிறு மூலதனம் இருக்கக் காணலாம். தட்டெழுத்தில் 'ஹையர்' தேறிய ஒரு சான்றிதழ், சுருக்கெழுத்தில் பயிற்சி, பிழையின்றி ஓர் ஆங்கிலக் கடிதம் வரையும் திறமை ஆகிய இவ்வளவே அம்மூலதனம். டில்லியின் சர்க்கார் காரியாலயங்களிலும், பம்பாயின் கம்பெனிகளிலும், கல்கத்தாவின் வாணிப நிலையங்களிலும், ஊர்தோறும் உள்ள ரயில்வே காலனிகளிலும் நம் பெரியோர் இதை வைத்தே வாழ்வைத் தொடங்கினர். கரோல்பாகும் மாதுங்காவும் தமிழ்ப் பேச்சு ஒலிக்கும் இடங்களானதில் இந்தப் பேனாவுக்கும் தட்டெழுத்துப் பொறிக்கும் பெரும் பங்கு உண்டு.

இன்று அம்மூலதனத்துக்கே போட்டியாக ஒரு யந்திரம் வந்து நம் மேஜையருகே அமர்ந்திருக்கிறது. விஷயத்தை இரண்டு வரியில் சொன்னால் போதும். கடிதத்தை முழுமையாக வரைந்து கொடுக்கிறது. நாற்பது பக்கக் கோப்பை ஒரு பக்கமாகச் சுருக்குகிறது. ஆங்கிலத்தை இந்தியாக்குகிறது, இந்தியைத் தமிழாக்குகிறது. களைப்பு என்பதே அதற்கு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த நம்மைப் போன்றோர் இதை வேடிக்கைப் பொருளாக எண்ணி ஒதுங்கிவிட இயலாது. இதனோடு எவ்வாறு பழகுவது என்பது நம் பிழைப்பைத் தொட்ட கேள்வி.

முதலில் இது என்ன என்று அறிந்துகொள்வோம். செயற்கை நுண்ணறிவு என்றும், சுருக்கமாக ஏ.ஐ. என்றும் இதனை வழங்குகிறோம். 2017-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் சிலர் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் அமைப்பை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் வழிவந்த சாட்ஜிபிடி என்னும் சாதனத்தை ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இவ்யந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் பொருந்தும் என்று கணித்துக் கணித்து வாக்கியத்தைக் கோக்கிறது. இதன் பெருமைக்கும் இதன் ஆபத்துக்கும் வேர் இந்த ஓர் உண்மையிலேயே உள்ளது. பொருந்துவதை அது அழகாகச் சொல்லும். ஆனால் பொருந்துவதெல்லாம் மெய்யாகிவிடாது.

காரியாலயத்துக்குப் புது யந்திரம் வருவதும், ஊழியர் அஞ்சுவதும் இது முதன்முறையன்று. 1960-களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் கல்கத்தாக் காரியாலயத்தில் கணினி நிறுவ முற்பட்டபோது ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதே காலத்தில் ரயில்வே மண்டலங்களுக்கு ஐ.பி.எம். 1401 கணினிகள் வந்து சம்பளக் கணக்கைப் போடத் தொடங்கின. 1985-இல் புதுடில்லியில் கணினி வழி முன்பதிவு தொடங்கியது. மறு ஆண்டு 'கிரிஸ்' என்னும் ரயில்வே தகவல் நிலையம் நிறுவப்பெற்றது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பெரிய பதிவேடு. அந்தந்த வண்டிக்குரிய ஜன்னலில்தான் வரிசையில் நிற்கவேண்டும். பின்னர் எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறலாம் என்றாயிற்று. 2002-இல் இணையவழிச் சீட்டும் வந்தது. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் பெரும்பகுதி அவ்வழியே விற்கின்றது.

இவ்வரலாற்றிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். அஞ்சியபடி ஒரே நாளில் எவரும் தெருவில் நிற்கவில்லை என்பது ஒன்று. ஆயினும் தட்டெழுத்தர் என்ற தனிப் பதவி பல காரியாலயங்களில் ஓசையின்றி மறைந்தது என்பது மற்றொன்று. ஒருவர் ஓய்வு பெறுவார். அவ்விடம் நிரப்பப்படாமலே 'சரண்டர்' ஆகிவிடும். யந்திரம் ஆளை நீக்குவதைவிட, அடுத்து வரவேண்டிய ஆளின் இடத்தை எடுத்துக்கொள்வதே மிகுதி. ஆகவே கவலை நமக்கு மட்டுமன்று. கல்லூரி முடித்து வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கே அது பெரிது.

இச்சாதனத்தால் எவருக்கு நன்மை மிகுதி என்று அமெரிக்கப் பொருளியலாளர் சிலர் ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டனர். வாடிக்கையாளரின் கேள்விகளுக்கு விடை தரும் பணியில் ஏறத்தாழ 5,000 பேரைக் கவனித்தனர். ஏ.ஐ. துணையோடு மணிக்கு முடிக்கும் வேலை சராசரியாக 14 விழுக்காடு கூடியது. புதிதாகச் சேர்ந்தோருக்கும் திறன் குறைந்தோருக்கும் 34 விழுக்காடு கூடியது. பழுத்த அனுபவசாலிகளுக்கோ பயன் சொற்பமே. காரணம் எளிது. தேர்ந்தவர்கள் முன்னர் அளித்த விடைகளைப் பயின்ற யந்திரம், அத்திறமையைப் புதியவருக்கு எடுத்துக் கொடுத்தது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள தலைமை எழுத்தர் மனத்தில் வைத்திருந்த வித்தை பொதுச்சொத்தாகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இளையவருக்கு அது வரம். மூத்தவருக்கோ தம் மதிப்பு எதில் தங்கியிருக்கிறது என்று சிந்திக்கும் வேளை.

இதன் ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2023-இல் நியூயார்க் நகர நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் முன்தீர்ப்புகள் பல எடுத்துக்காட்டப்பட்டிருந்தன. தேடிப் பார்த்தால் அவற்றுள் சில எங்குமே இல்லை. யந்திரம் வழக்கின் பெயரையும் எண்ணையும் தானே புனைந்து கொடுத்திருக்கிறது! இவை உண்மையானவையா என்று அதனிடமே கேட்டதற்கு, ஆம் என்றே விடையும் அளித்திருக்கிறது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. நம் காரியாலயத்தில் வழக்கு எண்ணுக்குப் பதிலாகச் சுற்றறிக்கை எண்ணும் தேதியும் இருக்கும், வேறுபாடு அவ்வளவே. இல்லாத ஒரு சுற்றறிக்கையைக் காட்டி ஒருவரது விடுப்பையோ ஓய்வூதியத்தையோ மறுத்துவிட்டால், அபராதத்தைவிடப் பெரிய பாவம் அல்லவா அது?

மற்றொரு வழக்கு 2024-இல் கனடாவில் நடந்தது. பாட்டியாரின் மறைவுக்காகப் பயணம் செய்த ஒருவருக்கு, ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடும் யந்திரம் கட்டணச் சலுகை பற்றித் தவறான விதியைச் சொல்லிவிட்டது. யந்திரத்தின் சொல்லுக்கு யந்திரமே பொறுப்பு என்ற பாணியில் நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, பயணிக்கு இழப்பீடு தருமாறு ஆணையிட்டது. கையொப்பம் இடுபவனே பொறுப்பாளி என்ற பழைய காரியாலய தர்மம் புது யந்திரத்தினால் மாறிவிடவில்லை என்பதை இது உறுதி செய்கிறது.

இரகசியம் காத்தல் மூன்றாவது விஷயம். வெளியார் நடத்தும் யந்திரத்தில் ஒரு கோப்பை இடுவது, அக்கோப்பை வெளியாரிடம் கொடுப்பதேயாகும். இந்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில், சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற சாதனங்களை அலுவலகக் கணினிகளில் பயன்படுத்தலாகாது என்று தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. சர்க்கார் ஆவணங்களின் இரகசியத்துக்கு ஊறு விளையும் என்பதே காரணம். தனிமனிதரின் விவரங்களைப் பாதுகாக்க 2023-இல் நம் நாட்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. ஊழியர் ஒருவரின் சம்பளக் கணக்கு, மருத்துவச் சான்று, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு ஆகியவற்றைச் சௌகரியத்துக்காக வெளி யந்திரத்தில் இடுவோர் இவ்விரண்டையும் நினைவில் வைக்கவேண்டும்.

மொழிபெயர்ப்பில்தான் நம்மவருக்கு இது பெருந்துணை. மத்திய சர்க்காரின் பொது ஆணைகளும் அறிவிப்புகளும் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் வெளிவரவேண்டும் என்பது சட்டம். வடநாட்டில் வேலை பார்க்கும் தமிழர் பலருக்கு இந்திக் குறிப்பு எழுதுவது என்றும் சங்கடமே. இந்திய மொழிகளுக்கென 2022-இல் தொடங்கப்பெற்ற 'பாஷிணி' போன்ற சர்க்கார் சாதனங்களும் இன்று உள்ளன. ஆயினும் யந்திரத்துக்குத் தொழிலின் பாஷை எளிதில் பிடிபடுவதில்லை. ரயில்வேயில் பழுதான வாகனத்தை 'சிக்' என்போம். அதை நோயாளி என்று பெயர்த்தால் வாகனம் ஆஸ்பத்திரிக்கன்றோ போகவேண்டும்! 'ஸ்லீப்பர்' என்றால் தண்டவாளத்தின் கீழுள்ள கட்டையும் உண்டு, படுக்கைப் பெட்டியும் உண்டு. எது எங்கே என்று அறிந்தவன் லைனில் வேலை பார்த்தவனே. தவிரவும், இந்த யந்திரங்கள் பயின்ற ஏடுகளில் ஆங்கிலமே மிகுதி, தமிழ் குறைவு. ஆதலால் தமிழில் அது வழங்குவதை இன்னும் ஒருமுறை கூடுதலாகப் படித்துப் பார்ப்பது நலம்.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? காரியாலயம் அனுமதித்த சாதனத்தை, அனுமதித்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துக. பெயரும் எண்ணும் நீக்கிய பொதுவான கடிதங்களில் தொடங்குக. யந்திரம் தரும் விதி எண், தேதி, தொகை ஆகிய ஒவ்வொன்றையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்ட பின்னரே கோப்பில் ஏற்றுக. மேலதிகாரி கேட்டால், இதில் யந்திரத்தின் உதவி உண்டு என்று தயங்காமல் கூறுக. நிர்வாகத்தினரும் இதை ஊழியர் மீது திணித்துவிட்டு ஒதுங்காமல், முறையான பயிற்சியும் எழுத்து மூலமான விதிகளும் தரக் கடமைப்பட்டவர்கள். தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகளுள் இன்று இதுவும் ஒன்று.

வீட்டிலும் இதற்குப் பயனுண்டு. ஓய்வூதிய மனு, மின்சார வாரியத்துக்கு ஒரு புகார், பள்ளி மாற்றுச் சான்றுக்கு விண்ணப்பம் என்று எழுதுவதற்குக் காலனியில் ஆள் தேடும் முதியோர் நம்மிடையே பலர். பேத்தி அருகில் அமர்ந்து, பாட்டனார் தமிழில் சொல்லச்சொல்ல, யந்திரத்தின் துணையால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மனு வரையலாம். கணக்கு எண்ணையும் ஆதார் எண்ணையும் மட்டும் பின்னர்க் கையால் எழுதிக்கொள்ளட்டும்.

பிள்ளைகளுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். முதல் ஆண்டுகளில் கடிதத்தை முதலில் நீங்களே எழுதுங்கள். பின்னர் யந்திரத்தினிடம் காட்டித் திருத்துங்கள். நூறு கடிதம் தானே வரைந்தவனுக்கே நூற்றோராவது கடிதத்தில் உள்ள பிழை கண்ணில் படும். தானாக ஒன்றும் எழுதியறியாதவன், யந்திரம் பொய் சொன்னாலும் தலையாட்டிக் கையொப்பம் இடுவான். வருங்காலத்தில் வரைவதற்குக் கூலி குறையலாம்; வரைந்தது சரியா என்று அறிபவனுக்கு மதிப்புக் குறையாது. நம் முன்னோர் தட்டெழுத்தையும் சுருக்கெழுத்தையும் மட்டும் நம்பி ஊர் விட்டு வந்தவர்கள் அல்லர். ஒரு கோப்பை ஒப்படைத்தால் அது சரியாக இருக்கும் என்று பிறர் அவர்களை நம்பினர். அந்த நம்பிக்கையே நாம் பெற்ற பிதுரார்ஜிதம். அதனை அடுத்த தலைமுறைக்குக் குறையாமல் ஒப்படைப்போமாக.