மடியில் சாய்ந்த தலை

“இல்லத்தரசி என்ன செய்கிறார்?” என்று எவரேனும் வினவினால், “வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்” என்று கூறிப் பழகிவிட்டோம். நண்பகலில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபின், மகளின் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்க்கும் தாயைப் புதுவைத் தெருக்களில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அது ஓவியத்திற்குரிய காட்சியென நாம் எண்ணியதுண்டா?

ஒல்லாந்து ஓவியர் பீட்டர் தெ ஹோக் எண்ணினார். 1660ஆம் ஆண்டையொட்டி அவர் தீட்டிய அவ்வோவியம் ஆம்ஸ்டர்டாம் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. தாயின் மடியில் பிள்ளையின் தலை; பின்னே திரையிட்ட படுக்கை; திறந்த கதவின் வழியே வெயில்; தரையில் ஒரு நாய். அவ்வளவே. ‘தாயின் கடமை’ என்று அதனை அழைக்கின்றனர்.

சீர்திருத்தச் சபையார் ஆலயங்களிலிருந்து திருவுருவங்களை அகற்றிய நாடு அது. ஓவியர்கள் இல்லங்களை நாடினர். ஆயினும் கபிரியேல் மெட்சு அதே காலத்தில் தீட்டிய ‘நோயுற்ற குழந்தை’யைக் காணுங்கள். வாடிய குழந்தை ஒரு பெண்ணின் மடியில் துவண்டு கிடக்கிறது. பின்சுவரில் சிலுவைக் காட்சி தொங்குகிறது. நமக்கோ வியாகுல மாதா நினைவுக்கு வருகிறார்.

1693இல் புதுவையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றி, 1699இல் திருப்பித் தந்தவர்களும் இவ்வொல்லாந்தரே. அவர்களின் ஆட்சி ஆறே ஆண்டுகளில் முடிந்தது. அன்னையின் மடியோ அங்கும் இங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

இனி எவரேனும் வினவினால், ‘சும்மா’ என்னும் சொல்லை நம் நா கூறாதிருக்கட்டும்.