தகடும் கைத்திறனும்

தென்காசி மாவட்டத்தின் மேற்கெல்லையில் மலையடிவாரத்தில் அமைந்த ஊர் புளியறை. கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகவே மலை ஏறுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் இங்குச் சாரல் மிகுதி. அச்சாரல் வயலுக்கு வளம், இரும்புக்கோ பகை. ஈரமும் காற்றும் கூடினால் இரும்பு துருப்பிடிக்கும்.

பழைய பிக்கப் வண்டிகளில் கதவின் அடிப்பகுதி, மட்கார்டு, ஓட்டுநரின் காலடித் தகடு ஆகியவற்றையே துரு முதலில் பற்றும். நீரும் சேறும் அங்கே தங்கும் அன்றோ? பம்பாயில் 1928 முதல் செவர்லே வண்டிகளை உருவாக்கிய ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1954-இல் மூடப்பட்டது. அத்தகைய பழைய வண்டிகளுக்குரிய தகடுகள் இன்று கடைகளில் கிடைப்பது அரிது. ஆதலின் தொழிலாளர் அவற்றைக் கையாலேயே செய்கின்றனர். இவ்வேலையை மக்கள் 'டிங்கரிங்' என்பர்.

முதலில், நல்ல இரும்பு தென்படும்வரை துருவேறிய பகுதியை வெட்டி நீக்குவர். பின்பு அட்டையில் அளவெடுத்து, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டைக் கத்தரிப்பர். அதனை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் தட்டினால் தகடு குழிந்து வளையும். உட்புறம் இரும்புக் கட்டையைத் தாங்கி, வெளிப்புறம் மெல்லத் தட்டிச் சமன்செய்வர். இறுதியில் இடம் மாற்றி மாற்றிப் புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பர். ஓரிடத்திலேயே வெப்பம் மிகுந்தால் தகடு நெளிந்துவிடும்.

துருவின்மேல் பட்டி பூசி வண்ணம் தீட்டுவோரும் உளர். பார்வைக்கு அது அழகாயிருக்கும். உள்ளே துரு வளர்ந்துகொண்டேயிருக்கும். சில மழைக்காலங்களில் பட்டி உதிரும். நல்ல தொழிலாளரோ, எவர் கண்ணிலும் படாத உட்புறத்திற்கும் துருத்தடுப்பு வண்ணம் பூசிய பின்னரே வேலை முடிந்தது என்பர்.