காதுக்குள் 22 மின்முனைகள்

"டீச்சர், தம்பிக்கு ஆப்பரேஷன் முடிஞ்சு பத்து நாளாச்சு. இன்னும் கூப்பிட்டா திரும்பல. அம்மா அழுவுறாங்க."

கிள்ளானில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி இடைவேளையில் வந்து சொன்னாள். பிறவியிலேயே காது கேளாத அவளுடைய இரண்டு வயதுத் தம்பிக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தியிருந்தார்கள். அவன் திரும்பாததில் வியப்பில்லை. அந்தக் கருவியை இன்னும் யாரும் முடுக்கவே இல்லை! ஏன் என்று பார்ப்போம், மாணவர்களே.

மூன்றாம் படிவ அறிவியலில் காதின் படத்தை வரைந்திருப்பீர்கள். அதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருப்பது கொக்லியா. விரித்து நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர்தான். அதற்குள் சுமார் 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் அதிர்வு உள்ளிருக்கும் திரவத்தை அசைக்க, இந்த மயிரிழைகள் சாய்கின்றன. அந்த அசைவு மின்துடிப்பாகி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. விசில் போன்ற உச்ச ஒலிகளைச் சுருளின் நுழைவாயிலும், உறுமி மேளம் போன்ற தாழ்ந்த ஒலிகளை அதன் உட்கோடியும் பிடிக்கின்றன.

இந்த உயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. சாதாரணக் காது கேட்கும் கருவி ஒலியைப் பெரிதாக்கித் தரும், அவ்வளவுதான். வாங்குவதற்கு உயிரணு இல்லாத காதில் எவ்வளவு பெரிதாக்கி என்ன பயன்?

இம்ப்ளான்ட் அந்த உயிரணுக்களைத் தாண்டி நேரே நரம்பைத் தூண்டுகிறது. காதின் பின்னால் மாட்டும் பகுதியில் ஒலிவாங்கியும் குட்டிக் கணினியும் இருக்கும். அது ஒலியைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சுருள் வழியே, தோலுக்கு அடியில் உள்ள பகுதிக்கு வானொலி அலையாக அனுப்பும். அங்கிருந்து மெல்லிய இழை ஒன்று கொக்லியாவுக்குள் போகும். அதில்தான் மின்முனைகள். சில தயாரிப்புகளில் 12, சிலவற்றில் 16, சிலவற்றில் 22.

சுருண்ட குழாய்க்குள் இழையைக் காயமின்றி நுழைப்பது எப்படி? ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க் இதே கேள்வியோடு 1977இல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு சங்கு ஓட்டுக்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி மென்மையாகவும் அடி விறைப்பாகவும் இருந்த புல் வளைந்து வளைந்து உள்ளே போனது. மறு ஆண்டே மெல்பர்னில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பல மின்முனைகள் கொண்ட தம் கருவியைப் பொருத்தினார். நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் இதற்கான திட்டத்தைத் தொடங்கியது.

அறுவை சிகிச்சைக்குப் பொதுவாக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முழு மயக்கத்தில், காதின் பின்புற எலும்பைத் துளைக்கிறார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் மிகுந்த கவனம் வேண்டும். புண் ஆறிய பிறகுதான், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, வெளிக்கருவியை மாட்டி முடுக்குவார்கள். மாணவியின் அம்மாவுக்கு இதை யாரும் புரியும்படி சொல்லவில்லை போலும்.

முடுக்கிய அன்றும் தம்பி சிரிக்கவில்லை, வீறிட்டு அழுதான். இதுவும் இயல்பே. 15,000 உயிரணுக்களின் வேலையை 22 மின்முனைகள் செய்யும்போது, முன்பு கேட்டுப் பழகிய பெரியவர்களே தொடக்கத்தில் 'பீப் பீப்' என்றும் ரோபோ பேசுவது போலவும் கேட்பதாகச் சொல்வதுண்டு. ஒலியையே அறியாத குழந்தைக்கு அது வெறும் கலவரம். அதிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க மூளைதான் கற்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளில் மூளை இதற்கு மிகவும் வளைந்துகொடுக்கும் என்பதால்தான் மருத்துவர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. வாரம் ஒருநாள் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கொமியூட்டர் ஏறிக் கோலாலம்பூர் போய்ப் பேச்சுப் பயிற்சி முடித்து வருகிறார். மற்ற நாள்களில் வீட்டில் தொலைக்காட்சி அணைந்தே கிடக்கிறது. இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிவது இம்ப்ளான்ட்டுக்குக் கடினம். பிரிக்பீல்ட்ஸ் தெருவில், கடைப்பாட்டும் பேருந்தும் சேர்ந்து இரையும்போது, அம்மா அவன் முகத்துக்கு நேரே குனிந்துதான் பேச வேண்டும். "எல்லாரும் தம்பியையே பார்க்கிறாங்க டீச்சர்," என்று அக்காள்காரி ஒருநாள் முணுமுணுத்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வீட்டில் இன்னொரு சண்டையும் நடந்தது. பயிற்சி மலாயில்; பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். 'இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பிவிடும்' என்று உறவினர் சொல்ல, பாட்டி பேச்சையே குறைத்துக்கொண்டார். எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் பட்டது. இம்ப்ளான்ட் பொருத்திய பிள்ளைகள் இரு மொழி கற்க முடியும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. குழந்தைக்கு வேண்டியது நாள் முழுவதும் தடையின்றி வரும் பேச்சு. பாட்டியால் அதைத் தமிழில்தானே தர முடியும்?

எல்லாருக்கும் இம்ப்ளான்ட் பொருந்துவதில்லை. சிலர் அதை விரும்புவதும் இல்லை. மலேசியச் சைகை மொழியை 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றிருக்கிறது. அதில் வளர்வதும் முழுமையான வளர்ச்சியே.

உங்கள் வகுப்பில் யாராவது இக்கருவியை அணிந்திருந்தால் முகம் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் சொற்கள் சிதைந்துதான் போகும்.

தம்பிக்கு இப்போது மூன்றரை வயது. பாட்டியை 'பாத்தி' என்கிறான். பாட்டி திருத்துவதில்லையாம், அக்காள்தான் தினமும் எதிரே உட்கார்ந்து 'பாட்டி, பாட்டி' என்று சொல்லிக் கொடுக்கிறாள்.