குளிர்நாட்டுக் கடையில் வாழைப்பழத்தின் விலை

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகைப் பகுதிகளில் விளையும் நேந்திரன் வாழை மலையாள நாட்டிற்குச் செல்வது நம் வாசகர்கள் யாவரும் அறிந்ததே. ஓணம் நெருங்குகையில் விலை ஏறுவதும், ஓணம் கழிந்ததும் அது இறங்குவதும் நம் குடியானவர்களுக்கு மனப்பாடம். ஆயினும் அண்மைக் காலமாக நம் இல்லங்களில் வேறொரு பேச்சும் எழுகின்றது. படிப்பை முன்னிட்டும் பிழைப்பை முன்னிட்டும் இங்கிலாந்து சென்றுள்ள பிள்ளைகள், "இங்கே நேந்திரன் யானை விலை, மற்ற வாழைப்பழமோ ஆப்பிளைவிட மலிவு" என்று தொலைபேசியில் வியந்து சொல்கின்றனர். அதைக் கேட்ட தந்தை, "அவ்வளவு விலை விற்கிறதென்றால் நம் தோட்டத்துக் காய்க்கு மட்டும் ஏன் இந்த விலை?" என்று வினவுகிறார். இவ்வினா நியாயமானது. விடை காண, அப்பழம் அந்நாட்டை அடைந்த கதையைச் சிறிது அறிதல் வேண்டும்.

1633-ஆம் ஆண்டில் தாமஸ் ஜான்சன் என்னும் மூலிகை வணிகர் பெர்முடாத் தீவிலிருந்து வந்த ஒரு வாழைத்தாரை இலண்டனில் தம் கடையில் காட்சிக்குத் தொங்கவிட்டார். அந்நகரத்தார்க்கு அது விற்பனைப் பொருளன்று, வேடிக்கைப் பொருள். அதற்கு இருநூறு ஆண்டுகட்குப் பின், டெவன்ஷயர் பிரபுவின் கண்ணாடி வீட்டில் ஜோசப் பாக்ஸ்டன் என்னும் தோட்டக்காரர் ஒரு குட்டை வாழையை வளர்த்துக் குலை தள்ளச் செய்தார். பிரபுவின் குடும்பப் பெயரால் அது கேவண்டிஷ் எனப்பட்டது. இன்று கடல் கடக்கும் வாழைப்பழம் ஏறத்தாழ முழுவதும் இந்தக் கேவண்டிஷ் இனமே. நாம் ரொபஸ்டா என்றும் ஜி-9 என்றும் அழைப்பவை அதன் உறவினரே.

இரண்டாம் உலகப் போரின்போது 1940 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு வாழைப்பழ இறக்குமதியை நிறுத்தியது. போர் முடிந்து, 1945 டிசம்பர் 30 அன்று முதற்கப்பல் ஏவன்மவுத் துறைமுகத்தை அடைந்தபோது, வாழைப்பழத்தைக் கண்ணால் கண்டிராத சிறுவர் அந்நாட்டில் பலர் இருந்தனர். அத்தகைய அருமைப் பண்டம் பின்னர் அன்றாட உணவாயிற்று.

மலிவிற்குக் காரணம் தொலைவன்று, பாதையே. ஈக்குவடார், கோஸ்டாரிக்கா போன்ற நாடுகளில் ஒரே இனம், ஒரே அளவு, 18 கிலோ கொண்ட ஒரே வகைப் பெட்டி. வாரந்தோறும் தவறாது புறப்படும் கப்பல். காய் பச்சையாகவே வெட்டப்பட்டு, 13 அல்லது 14 டிகிரி வெப்பத்தில் உறங்கிக்கொண்டே பயணம் செய்கின்றது. அதற்கும் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துவிடும். மேலே ஏறினால் கப்பலிலேயே பழுத்துவிடும். கரை சேர்ந்தபின் எத்திலீன் வாயு செலுத்திய அறையில் அதனைத் துயிலெழுப்புகின்றனர். (கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பதை நம் நாட்டுச் சட்டம் தடுத்துள்ளது. இருந்தும் அது நம் மண்டிகளிலிருந்து முற்றிலும் ஒழிந்தபாடில்லை.)

ஆனால் பாதையின் சிக்கனம் மட்டுமே மலிவுக்குக் காரணமென்று கொள்ளலாகாது. இங்கிலாந்தின் பெருங்கடைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, வாடிக்கையாளரை இழுக்க வாழைப்பழ விலையைத் தாழ்த்திக்கொண்டே போயின. பத்தாண்டுகளில் அவ்விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்றும், அதே காலத்தில் விளைவிக்கும் செலவு இருமடங்கானதென்றும் 2014-இல் ஃபேர்டிரேடு அமைப்பு அறிவித்தது. அவ்விடைவெளியில் நசுங்கியவர் தோட்டத் தொழிலாளரும் சிறு விவசாயியும் அன்றி வேறு யார்?

நேந்திரனின் கதை வேறு. அது பெரும்பாலும் வானூர்தியில் பறந்தது. விமானக் கூலி எடைக்கு எடை வாங்கப்படுவது. காயின் விலையைக் கூலி விழுங்கிவிடும். ஆக, அங்கே விலை உயர்ந்திருப்பதால் இங்கே வருவாய் உயர்வதில்லை. இதனை மாற்ற எண்ணி, 2021-இல் கேரளத்தார் கொச்சியிலிருந்து இலண்டனுக்குக் குளிர்பெட்டியில் கடல்வழியாக நேந்திரனைச் சோதனையாக அனுப்பினர். அதற்கான முறையை வகுத்தது நம் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம். நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது. எனினும் கடலும் நம் சொற்படி நடப்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டமையால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்து, பயணம் இரண்டு வாரம் வரை நீண்டது. இரும்புக்கு அது தாமதம். வாழைக்காய்க்கோ அது ஆயுள்.

சட்டமும் ஒரு சுங்கமே. பழ ஈயைக் காரணங்காட்டி 2014 மே முதல் நாளன்று ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தையும், உடன் கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகியவற்றையும் தடுத்தது. மாம்பழத் தடையை நீக்க 2015 ஜனவரியில்தான் முடிவாயிற்று. குற்றம் அவர்கள் மீது மட்டுமன்று. 2013-இல் நம் சரக்குகளுள் 207-இல் பூச்சி கண்டதாகக் கணக்குண்டு.

உலகில் விளையும் வாழையில் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் இந்தியாவில் விளைகின்றது. ஆனால் 2022-23 வாக்கில் உலக ஏற்றுமதியில் நம் பங்கு நூற்றில் ஒன்றளவே இருந்தது. 2022-23-இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 60 ஆயிரம் டன் அனுப்பி 17 கோடியே 60 இலட்சம் டாலர் ஈட்டினோம். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு அரை டாலர். அந்நாளைய மதிப்பில் 40 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. பெட்டி, குளிரறை, லாரி, இடைத்தரகு ஆகிய யாவும் அதற்குள் அடக்கம். ஏற்றுமதி என்றாலே பொன் கொழிக்கும் என்று எண்ணுவோர் இக்கணக்கை ஒருமுறை நோக்கட்டும்.

கோபிசெட்டிபாளையத்துக் கூட்டுறவு விற்பனைச் சங்க ஏலத்தில் கதலியும் நேந்திரனும் கிலோ கணக்கிலும், பூவன், ரஸ்தாளி, மொந்தன் முதலியவை தார் கணக்கிலும் போகின்றன. சிறு வடுவிருந்தாலும் ஏதோ ஒரு விலைக்கு வாங்க ஆளுண்டு. கடல் கடக்கும் பெட்டியோ தண்டை ஏற்காது. கறைபட்ட சீப்பை ஏற்காது. வளைவு மிகுந்த காயையும் ஏற்காது. ஆகவே ஏற்றுமதிக்கென்று எவரேனும் ஒப்பந்தத் தாளுடன் தோட்டத்து வாயிலில் வந்து நின்றால், நம் குடியானவர் அவரிடம் சிலவற்றைக் கேட்டே தீர வேண்டும். கழித்து ஒதுக்கும் காய்க்கு விலை என்ன? முக்கால் முற்றலிலேயே வெட்டச் சொன்னால், குறையும் எடையை யார் ஈடு செய்வார்? சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்றில் பத்து மாத வாழை ஒரே இரவில் சாய்ந்துவிட்டால், கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்பாரா, மாட்டாரா? வாய்ச்சொல்லாக அன்று, எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அத்தாளைத் தமிழிலேயே கேட்க வேண்டும்.