அசல் கிடைத்தாலும் ஆபத்து... பெய்ஜிங் 'பேய்ச் சந்தை'!

வார இறுதியில் பொழுது விடியும் முன்பே பெய்ஜிங்கின் பான்ஜியாயுவான் பழம்பொருள் சந்தை களைகட்டிவிடும். டார்ச் அடித்துப் பொருள் பார்க்கும் இத்தகைய சந்தைகளுக்கு 'பேய்ச் சந்தை' என்றே பெயர்.

பீங்கான் ஜாடியைக் கவிழ்த்தால், அடியில் ஏதோ ஒரு பேரரசரின் ஆட்சிக்காலம் எழுதியிருக்கும். அதை நம்பிப் பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். புது ஜாடியில் பழைய முத்திரை போடுவது அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம்!

சரி, அசலே கிடைத்துவிட்டால்? அதுதான் பெரிய சிக்கல். 1911-க்கு முந்தைய கலைப்பொருள்களைச் சீனாவைவிட்டு எடுத்துச்செல்லப் பொதுவாகத் தடை. சுங்கத்தில் சிக்கினால் பொருளும் போச்சு, பணமும் போச்சு.

எழுத்தோவியப் பிரியர்களுக்கு லியுலிச்சாங் தெரு இருக்கிறது. தூரிகை, மை, காகிதம், மை தேய்க்கும் கல் எல்லாம் கிடைக்கும். 1672-ல் வேறு பெயரில் தொடங்கிய ரோங்பாவ்ஜாய் கடையில், மர அச்சில் எடுத்த ஓவியப் பிரதிகளைப் பிரதி என்று சொல்லியே விற்கிறார்கள். சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக விமானம் ஏறலாம்.