ஹீட்டர் குளிர்ந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள்

ஆம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மார்கழியில் குடும்பத்தோடு காரில் ஊட்டி போனோம். ஹீட்டர் திருகைச் சிவப்பின் கடைசிவரை திருப்பியும் சில்லென்ற காற்றுதான் வந்தது. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு, அப்படியே விட்டுவிடலாமா?”

விடக்கூடாது. பெட்ரோல், டீசல் கார்களின் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் வெந்நீரில் ஒரு பகுதி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர் ஒன்றுக்குள் போய்த் திரும்புகிறது. மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் கோர் என்பார்கள். ஃபேன் அதன்மேல் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். அங்கே சூடு வரவில்லையென்றால் எஞ்சினின் தண்ணீர் ஓட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1893-ல் அமெரிக்காவின் மார்கரெட் வில்காக்ஸ் கார் ஹீட்டரைக் கண்டுபிடித்தார் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும். காப்புரிமை உண்மைதான், ஆனால் அன்று ‘கார்’ என்றால் ரயில் பெட்டி. எஞ்சின் வெந்நீரால் சூடேற்றும் முறை 1930-களில் பரவியது. வரலாறு இது போதும், சோதனைக்கு வருவோம்.

எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். வெப்பம் காட்டும் முள் நடுவுக்கே வரவில்லையென்றால், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். முள் வந்துவிட்டால், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துச் சில நிமிடம் கழித்து எஞ்சினை நிறுத்திவிட்டு பானட்டைத் திறங்கள். கேபினுக்குள் நுழையும் இரண்டு ரப்பர் குழாய்களையும் துணி சுற்றிய கையால் தொடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே திறக்காதீர்கள். இரண்டு குழாயும் குளிர்ந்திருந்தால் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) குறைந்திருக்கும், உள்ளே காற்று அடைத்திருக்கும், அல்லது ஹீட்டர் வால்வு மூடியிருக்கும். இரண்டும் சுட்டால், டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் சிறு கதவில் கோளாறு. ஒன்று கொதித்து மற்றொன்று வெதுவெதுவென்று இருந்தால், ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது. போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய கார் என்றால் என் சந்தேகம் இதன்மேல்தான்.

அந்த அடைப்பு உருவாகும் விதம் எனக்கு மிகப் பிடித்த வேதியியல். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். கடின நீரின் சுண்ணாம்பு நேர்மாறு. நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடின் துணையோடுதான் அது பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. சூடு ஏறினால் அந்த வாயு வெளியேறும். சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வெந்நீர் அண்டாவின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஓடு இதுதான்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, அடுப்பு எரிய எரிய ஓடியாடி வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பி. சுண்ணாம்பு, ஒரு நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியப்பா. கூடத்தில் புழுக்கம் ஏறியதும் நண்பர் வாசலுக்குப் போய்விடுகிறார். தனியான பெரியப்பா, பந்திக்குப் போகும் குறுகலான நடையிலேயே பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் பக்கத்தில் இன்னொருவர், அவர்மேல் சாய்ந்து மற்றொருவர். கடைசியில் சாம்பார் வாளியோடு வருபவருக்கும் வழியில்லை. ஹீட்டர் கோரின் குழாய்கள் அந்த நடையைப் போல ஒடுக்கமானவை. உள் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான்.

கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில் 5 லிட்டர் ஊற்றினால், உள்ளே போகும் சுண்ணாம்பு 3 கிராம், பயமில்லை. கசிவைச் சரிசெய்யாமல் வாரம் அரை லிட்டர் ஊற்றிக்கொண்டே வந்தால் ஆண்டுக்கு 26 லிட்டர், சுமார் 16 கிராம். அதோடு துருவும் சேரும்.

ஆம்பூர் இருக்கும் பாலாற்றங்கரையின் நிலத்தடி நீருக்கு இன்னொரு சுமையும் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு, அதைக் கழுவும்போது கழிவுநீரில் சேர்ந்து பல காலமாக நிலத்தில் இறங்கியது. அந்த உப்பின் குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது இந்த நீருக்காகத்தான்.

“ஒரு பாட்டில் ஊற்றினால் அடைப்பு நீங்கும்” என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். முழுதாக அடைத்த குழாய்க்குள் மருந்து ஓடவே ஓடாது. ஏற்கெனவே திறந்திருக்கும் குழாய் வழியாகத்தான் போகும். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றுவது அதைவிட மோசம், அலுமினியத்தையே தின்றுவிடும். மெக்கானிக்கிடம், எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் செலுத்திக் கழுவச் சொல்லுங்கள். அசையவில்லையென்றால் கோரை மாற்றுவதே வழி.

“இங்கே பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். நீரின் கொதிநிலையை உயர்த்துவதும் அரிப்பைத் தடுப்பதும்தான் நமக்குத் தேவை. காருக்குரிய கூலண்டை, காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றுங்கள்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கத்திரி வெயிலில் ஏறும்போது முள் சிவப்பை நெருங்கினால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவது, ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இறக்கும். அடைத்த கோர் அந்த உதவியைச் செய்யாது. ஆகவே ஊட்டிக்குப் போகாவிட்டாலும், இந்த வாரமே அந்த இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள்.