பால்மரத் தடம் – 17: தவுக்கே வேண்டாம் என்ற சீட்டு

போன வாரம் கள்ளுக்கடையோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு எதிரே, பஸ் நிற்கிற இடத்தில் இருந்த சீனர் காப்பிக்கடையை ஏன் விட்டுவிட்டாய் என்று தோட்டத்தில் என்னோடு வளர்ந்த இருவர் கேட்டார்கள். விடவில்லை. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். அந்தக் கடையின் பின்மேசையில்தான் என் தாய்மாமன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கில் தேறினார். தேறிய குற்றத்துக்காகவே அங்கிருந்து அனுப்பப்பட்டார்.

மாமா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். நான் சொல்வது 1970களின் முற்பகுதி. விடியலில் மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அந்த மாதிரிக் காலைகளில் கிராணி வீட்டிலிருந்து பழைய ஆங்கிலப் பேப்பரை வாங்கி வந்து, லயத்து வாசலில் குந்தியபடி குதிரைப் பந்தயப் பக்கத்தைப் பார்ப்பார். ஆங்கிலம் அவருக்கு வராது. குதிரையின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பார், மற்றதெல்லாம் எண்கள்தானே.

அவருடைய நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. நாங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அதே ரக நோட்டு. ஒவ்வொரு வரியிலும் குதிரை, அது சுமந்த எடை, ஜாக்கி, தூரம். கடைசியில் சாய்வாக ஒரு சின்னக் கோடு இருந்தால் அன்று தரை ஈரம். கோடு இல்லையென்றால் காய்ந்த தரை. ஈப்போவில் மதியத்துக்கு மேல் மழை இறங்கும் வாகு எல்லாருக்கும் தெரியும். எந்தக் குதிரை ஈரப்புல்லில் தயங்கும், எது தயங்காது என்று எழுதி வைத்தவர், எனக்குத் தெரிந்து எங்கள் லயத்தில் அவர் ஒருவர்தான். மழையால் கூலி இழந்தவர் மழையையே படித்தார்.

நோட்டின் பின்பக்கத்தில் வேறொரு கணக்கு. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் நம் ஆட்கள் சேர்த்த அந்தப் பணமும் குதிரைக்குக் கட்டிய பணமும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. இந்த நோட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

காப்பிக்கடையில் சீட்டு எழுதியவர் ஒரு தமிழ் இளைஞர். அவருக்கு மேலே டவுனில் ஒரு தவுக்கே, அதாவது முதலாளி. பந்தயத் திடல் என்ன விலை கொடுக்கிறதோ அதே விலை, கட்டுகிற பணத்தில் கொஞ்சம் கழிவு, சம்பள நாள் வரை கடன். ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டாம். ஆனால் எவ்வளவு வென்றாலும் இவ்வளவுக்கு மேல் கிடையாது என்று ஒரு வரம்பு உண்டு. இதெல்லாம் சட்டவிரோதம். 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டப்படி, இப்படிப் பந்தயம் வாங்கும் புக்கியும் குற்றவாளி, அவரிடம் கட்டுகிறவரும் குற்றவாளி. லயத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு மழைக்காலம் முழுக்க மாமா வென்றார். பெரிய தொகை இல்லை. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி கட்டி, மாதக் கடைசியில் கையில் மிச்சம் பார்த்தார். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நான் பக்கத்தில் இருக்கும்போதே, அந்த இளைஞர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க சீட்டு மட்டும் வேணாம்னு தவுக்கே சொல்லிட்டாரு.”

“ஏன்டா, நான் கடன் பாக்கி வெச்சேனா?”

“அதெல்லாம் இல்லண்ணே. நீங்க கட்டுனா, அவரு திருப்பி யோசிக்க வேண்டியிருக்காம். வேணும்னா ரெண்டு வெள்ளிக்குள்ள எழுதுங்க.”

மாமா ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்து முடித்தார். அதே மேசையில் எங்கள் லயத்துக் கடைசி வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கட்டியவர். அவருடைய சீட்டை அந்த இளைஞர் ஒரு நாளும் மறுத்ததில்லை. கடன் கேட்டாலும் எழுதிக்கொண்டார். இத்தனை ஆண்டு கழித்தும் எனக்கு ஆறாதது மாமாவின் கதை கூட இல்லை, இந்தத் தோட்டின் கதைதான்.

இங்கே தொழிலின் உள்விவரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பந்தயத் திடலில் இருக்கும் ‘டோட்’ முறையில் எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் சேரும். நிர்வாகம் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். மீதியை வென்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். யார் வென்றாலும் நிர்வாகத்தின் பங்கு குறையாது. அதனால் யாரையும் விரட்ட வேண்டிய தேவையும் இல்லை. புக்கியின் கதை வேறு. நீங்கள் வெல்லும் ஒவ்வொரு வெள்ளியும் அவர் பையிலிருந்து வருகிறது. மலேசியாவில் சட்டம் அனுமதித்த குதிரைப் பந்தயம் டோட் மட்டும்தான். அதற்கென 1961இல் தனிச் சட்டமே வந்தது.

புக்கிகள் உரிமத்தோடு கடை நடத்தும் இங்கிலாந்தில் எங்கள் காப்பிக்கடை வழக்கம் கணினிக்குப் போயிருக்கிறது. அங்கே நீங்கள் வெல்லும் வரைகூடக் காத்திருப்பதில்லை. நீங்கள் எடுத்த விலை, பந்தயம் தொடங்கும் நேரத்து விலையைவிடத் தொடர்ந்து நல்லதாக இருந்தாலே போதும், விஷயம் தெரிந்த ஆள் என்று குறித்துவிடுவார்கள். பிறகு நூறு பவுண்டு கட்டப் போனால் இரண்டு பவுண்டு, சில சமயம் சில்லறைக் காசுதான் ஏற்கப்படும். கணக்கையே மூடுவதும் உண்டு. நிறையத் தோற்கிறவருக்கோ ‘விஐபி’ என்று பெயர் வைத்து, கவனித்துக்கொள்ள ஒரு ஆளையும் இலவசப் பந்தயங்களையும் கொடுத்திருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2007 செப்டம்பர் முதல் அங்கே பந்தயப் பணத்துக்கு நீதிமன்றம் போகலாம். ஆனால் உங்கள் பந்தயத்தை ஏற்றே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கட்டாயப்படுத்திய நாடு ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸில் 2014 செப்டம்பர் முதல், பெரிய புக்கிகள் ஒருவர் நகரப் பந்தயத்தில் 2,000 டாலர் வரையும் மற்ற திடல்களில் 1,000 டாலர் வரையும் வெல்லும் அளவுக்குப் பந்தயத்தை ஏற்றே தீர வேண்டும் என்று விதி வந்தது. விக்டோரியா 2016இல் பின்தொடர்ந்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கடையைத் திறந்து வைத்தவன், தோற்கிறவனுக்கு மட்டும் விற்பேன் என்று சொல்ல முடியாது.

ஹாங்காங் கதையும் உண்டு. பில் பெண்டர், ஆலன் வுட்ஸ் இருவரும் சீட்டாட்டத்தில் எண்ணிக்கை வைத்து ஆடியதற்காக லாஸ் வேகாஸ் சூதாட்டக் கூடங்களால் விலக்கப்பட்டவர்கள். 1980களின் நடுவில் ஹாங்காங் போனார்கள், அங்கே இருந்தது டோட் என்பதால். கணினியில் குதிரைகளைக் கணக்கிட்டுப் பெரும் பணம் ஈட்டினார்கள். பெண்டர் கையில் கணினி; மாமா கையில் சாய்கோடு. இரண்டு பேரும் தேடியது ஒரே விஷயம்.

தமிழ்நாட்டுக் கதை வேறு மாதிரி. 1974இல் சென்னையில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரி 12 அன்று, லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை விடத் திறமையைச் சார்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. எடை, வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கி என்று நீதிபதிகள் பார்த்தவற்றில் எடையும் ஜாக்கியும் மாமாவின் நோட்டிலும் இருந்தவை. சட்டம் திறமை என்று ஒப்புக்கொண்ட அதே விஷயத்துக்காகத்தான் காப்பிக்கடை அவரை வெளியே அனுப்பியிருந்தது.

மாமா சண்டைக்குப் போகவில்லை, போகவும் முடியாது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்ற பணத்தைத் தராவிட்டாலும் எந்த நீதிமன்றமும் கேட்காது. இன்று ஈப்போவின் புந்தோங்கில் கைபேசியில் பந்தயம் கட்டும் தம்பிகளுக்கும் நிலைமை இதுதான். ஒரு தம்பி என்னிடம் கைபேசியைக் காட்டினார். நான்கு மாதம் தோற்றபோது நன்றாக வேலை செய்த கணக்கு, இரண்டு வாரம் தொடர்ந்து வென்றதும் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. “புகார் எங்கண்ணே கொடுக்கிறது?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பந்தயத் திடல்களோ குறைந்துகொண்டே வருகின்றன. சிங்கப்பூர்த் திடல் 182 ஆண்டு ஓடி 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயத்தை நடத்தியது. அதே ஆண்டு பினாங்கு டர்ஃப் கிளப் உறுப்பினர்களும் கிளப்பைக் கலைக்க வாக்களித்தார்கள். திடல்களின் சீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாய் மூட, மிஞ்சுவது இந்தக் கைபேசிகள்தான் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

மாமா அதற்குப் பிறகு ஈப்போவில் பந்தயம் நடக்கும் வாரங்களில் மட்டும் பஸ் ஏறினார். ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். வேலிக்கு வெளியே கச்சாங் பூத்தே விற்கிற அண்ணனிடம் என்னை உட்கார வைத்துவிட்டு, நோட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். ஜன்னலில் இருந்தவர் இவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பணத்தை வாங்கிச் சீட்டைக் கொடுத்தாராம். அதைத் திரும்பி வரும் வழியெல்லாம் மாமா சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று மழை வரவில்லை. மாமாவின் குதிரை ஐந்தாவதாக வந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, கோடு போடாமல் அந்த வரியை எழுதி முடித்தார். பிறகு கண்டக்டரிடம், அடுத்த பந்தய வாரத்துச் சனிக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

(தொடரும்)